நிறைவுப் பயணத்தின் முதல் பயனாளி

என் அப்பாவைச் சாகவிடலாமா கூடாதா என்று முடிவுசெய்ய அரசாங்கம் ஒரு குழு வைத்திருக்கிறது என்பது, அவர் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அவர் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்காக எந்தக் குழுவும் கூடியதில்லை. தெருவோரக் கால்வாய்க்கு ஒரு மூடி கேட்டு வருஷக்கணக்கில் அலைந்தார். மூடி வரவில்லை. குழு வந்துவிட்டது.

அப்பா பெயர் ஏகாம்பரம். திருமுல்லைவாயிலில் மாடு வைத்திருந்தவர். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகி முடிந்த பிறகும் இரண்டு மாடுகளை விடாமல் கட்டிக்கொண்டு, அதே அடுக்குமாடிகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு காலையில் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே மாட்டின் காலடியில் சாய்ந்தார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அம்பத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வாய்வழியாகக் குழாய் இறக்கி, மெஷினில் போட்டார்கள். சில நாட்கள் பார்த்துவிட்டு டாக்டர் ஜெபா எங்களைக் கூப்பிட்டார்.

"இனிமே நினைவு திரும்பாதும்மா. மெஷின்தான் மூச்சு விடுது. அவர் விடல."

அம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்போ ஊட்டுக்குத் தூக்கினு போறோம் டாக்டரம்மா. உசுரு இருக்கச்சொல்லவே வாயில பால் ஊத்தணும்."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். போகப்போகிறவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, உறவுகள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவார்கள். ஊற்றாவிட்டால் உயிர் தொண்டையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியில்லை. அப்பாவுக்கு இருந்தது. அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியிலேயே குழாயோடு போனார். பால் ஊற்ற வாயில் இடமில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா தலையைக்கூடத் துவட்டாமல் அம்மாவிடம் சொன்னார்: "த பாரு வேம்பு, என்னை இப்பிடி பைப்போட அனுப்பிடாத. மாட்டாண்ட கொண்டாந்து போடு. நம்ம பாலு, உன் கையால. அவ்ளோதான் எனக்கு."

கேட்டது அவ்வளவுதான். வேம்புலியம்மாள் என்கிற என் அம்மா ஒத்துக்கொண்டதும் அவ்வளவுதான்.

டாக்டர் ஜெபா குரலைத் தாழ்த்தினார். "முன்னாடின்னா சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுவோம். இப்போ 'நிறைவுப் பயணம்' திட்டம் வந்திருக்கு. மெஷின்ல இருக்கிறவங்களைக் குழு ஒப்புதல் இல்லாம அனுப்ப முடியாது. குழாயை நான் எடுத்தா எனக்கு வேலை போயிடும். நீங்க எடுத்தா நீங்க உள்ள போயிடுவீங்க."

"குழுன்னா யாரு?" என்றாள் அம்மா. "நம்ம ஒறவா?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பேர் ஜெயப்பிரியா. இத்தனை வருஷம் படித்தது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அரசாங்கத்தின் தமிழை என் அம்மாவுக்குத் தமிழில் மொழிபெயர்க்க.

குழுவின் அலுவலகம் சென்னீர்குப்பத்தில், ஒரு பைக் ஷோரூமுக்கு மேல்மாடியில் இருந்தது. படி ஏறியதும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'உங்கள் இறுதி மூச்சு, எங்கள் முதல் கடமை.' எங்களோடு லோகநாதன் மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி. வெள்ளைச் சட்டைக்காரர். அவர் செல்போன் முழுக்கப் பெரிய மனிதர்களின் படங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தப் பெரிய மனிதரின் தோளுக்குப் பின்னால் மாமாவின் பாதி முகம் இருக்கும். "கவலப்படாத யக்கா. அல்லாம் நம்ம ஆளுங்கதான். பேசிக்கலாம்" என்றார்.

குழுவின் செயலர் ஜெகதீஷ். நல்ல மனிதர். கண்ணில் ஈரம் வைத்துக்கொண்டே பேசுவார். கும்பிட்டார், உட்காரச் சொன்னார், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பயனாளி எங்கம்மா?"

"பயனாளின்னா?" என்றேன்.

"சாகப் போறவங்க. அந்த வார்த்தையை நாங்க பயன்படுத்தறதில்ல. உறவினர் மனசு புண்படும்."

"அவர் ஆஸ்பத்திரியில இருக்கார் சார்."

"பயனாளி நேர்ல வந்து விருப்பத்தைச் சொல்லணுமே."

"அவருக்கு நினைவே இல்ல."

"புரியுதும்மா. நாங்களும் மனுஷங்கதானே? அதனாலதான் விதியை இளக்கி வெச்சிருக்கோம். நேர்ல வந்துட்டு எதுவும் பேசாம இருந்தா, அதையே சம்மதமா எடுத்துப்போம். ஆனா வந்து பேசாம இருக்கணும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

மாமா இருக்கையைவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப்போய், ஜெகதீஷின் காதில் ஏதோ சொன்னார். ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அதன் பலனாகக் குழுவே ஆஸ்பத்திரிக்கு வருவதாக முடிவாயிற்று.

குழு என்று வந்தது ஜெகதீஷும், கையகலக் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் ஆளும். பயனாளியின் முகத்தைப் பதிய வேண்டுமாம். ரேஷன் கடையில் வைப்பதுபோல அப்பாவின் முகத்துக்கு நேராகக் கருவியைப் பிடித்தார்கள். அது சிவப்பாக எரிந்தது.

"கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க" என்றார் அந்த ஆள்.

"எதுக்கு?"

"சிமிட்டினாதான் உயிரோட இருக்காருன்னு கம்ப்யூட்டர் ஒத்துக்கும்."

"சிமிட்டினா நாங்க ஏன் உங்ககிட்ட வரோம்?" என்றேன்.

ஜெகதீஷ் குறுக்கிட்டார். "கோவப்படாதம்மா. உயிரோட இல்லாதவங்களுக்குச் சாக அனுமதி குடுத்துட்டா நாளைக்கு தணிக்கையில எங்களைத்தான் கேப்பாங்க." அப்புறம் டாக்டர் ஜெபாவிடம் திரும்பினார். "மேடம், அந்தக் குழாய் முகத்தை மறைக்குது. ஒரே ஒரு நிமிஷம் எடுத்துட்டு வெச்சிடறீங்களா?"

"எடுத்தா அதுக்கப்புறம் உங்க திட்டமே தேவைப்படாது சார்."

முகப்பதிவு 'நிலுவை' என்று குறித்துக்கொண்டார்கள். ஆணை வழங்கும்போது பதிந்துகொள்ளலாமாம். அடுத்து வீட்டு ஆய்வு.

எங்கள் வீட்டுக்கு வந்த ஜெகதீஷ் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சொன்னேனே, நல்ல மனிதர். கதவின் அகலம் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். நாடா பிடித்துத் தெருவை அளந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டார்.

"இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது இறந்திருக்காங்களா? முன் அனுபவம் இருக்கான்னு கேக்கறேன்."

"எங்க மாமனாரு இங்கதான் பூட்டாரு."

"அதுக்குச் சான்று இருக்கா?"

"செத்ததுக்கா?"

"நல்லபடியா செத்ததுக்கு."

அம்மா பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மாட்டுக்கொட்டகையைக் காட்டினாள். சாணி வழித்து, கழுவிவிட்டு, ஓரமாகக் கயிற்றுக்கட்டில் போட்டு வைத்திருந்தாள். "இங்கதான் சார் படுக்க வெக்கணும். அவுரு கேட்டுகினது."

ஜெகதீஷ் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆனால் மூச்சும் விடவில்லை. வாசலுக்கு வந்த பிறகு விட்டார். "இந்தக் கொட்டகைக்கு வரைபட அனுமதி இருக்காம்மா?"

"மாட்டுக்கொட்டாய்க்கா?"

"அனுமதி இல்லாத கட்டடத்துல, அனுமதியோட ஒருத்தர் சாக முடியாதும்மா. சட்டம் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும்."

எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஏரி உள்வாயில், தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்கெல்லாம் கரண்டு கொடுத்தார்கள், வரி வாங்கினார்கள், ஓட்டும் வாங்கினார்கள். வாழ்வதற்கு யாரும் எதையும் கேட்கவில்லை. சாவதற்குத்தான் வரைபடம் வேண்டுமாம்.

"ஆனா அரசு உங்களைக் கைவிடாது" என்றார் ஜெகதீஷ். கண்ணில் ஈரம் வந்துவிட்டது. அலுவலகத்தின் பின்புறமே 'மாதிரி இல்லம்' ஒன்று இருக்கிறதாம். மறுநாள் போய்ப் பார்த்தோம். ஓர் அறை. அதில் ஒரு கட்டில். சுவர் முழுக்கத் தென்னைமரமும் மாடும் வரைந்திருந்தது. மாடு எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஜெகதீஷ் ஒரு பொத்தானை அழுத்தினார். கூரையிலிருந்து "ம்மா" என்று சத்தம் வந்தது.

"கிராமச் சூழல்" என்றார். "பயனாளிக்கு வீட்டுல இருக்கற உணர்வு வரணும்ல?"

பாலுக்கும் அவர்களிடம் வழிமுறை இருந்தது. கையுறை, முகக்கவசம், ஒருவருக்கு ஒரு சொட்டு. ரத்த உறவு முதலில், சம்பந்தி கடைசியில். அழ வேண்டியவர்களுக்குப் பக்கத்து அறை. மூலையில் இருந்த குப்பியை அம்மா திறந்து, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பால் அளந்த பெண்.

"இது பாலே இல்ல நைனா" என்றாள்.

"தரப்படுத்தப்பட்டதும்மா" என்றார் ஜெகதீஷ்.

ஒப்புதல் வந்துவிட்டது. அதாவது, மாதிரி இல்லத்தில் என் அப்பா சாகலாம். ஆனால் இப்போது சாகக் கூடாது.

திட்டத்தின் முதல் பயனாளி அவர்தானாம். முதல் ஆணையைக் குழுவின் மாண்புமிகு தலைவர் தம் பொற்கரங்களால் வழங்க வேண்டுமாம். ஆவடியில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. 'வாழும்வரை வரி, வாழ்ந்தபின் வழி' என்று எதுகை மோனையோடு பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. அதுவரை பயனாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரிக்கு உத்தரவு போயிற்று.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "முதல் பயனாளி யக்கா! ஏகாம்பரம் மாமன் பேரு அல்லா பேப்பர்லயும் வரப்போவுது. நானும் ஸ்டேஜ்ல ஒரு ஓரமா நின்னுக்கறேன்னு சொல்லிகீறேன்."

"பேப்பர்ல வரத்துக்கா அந்த மனுசன் கெடக்கறாரு?" என்றாள் அம்மா.

விழா தள்ளிப்போனது. தலைவருக்கு ஒரு கல்யாணம் இருந்தது. மறுபடி தள்ளிப்போனது. பேனரில் தலைவரின் படத்தைவிட அப்பாவின் படம் பெரிதாக விழுந்துவிட்டது. மாற்றி அடிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அப்பா போய்க்கொண்டிருந்தார். அவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கும்போதெல்லாம் செயலரிடமிருந்து டாக்டர் ஜெபாவுக்குப் போன் வந்தது. ஒரு மருந்து ஏறியது, அதற்கு மேல் இன்னொன்று ஏறியது. முதுகில் புண் வைத்தது. கட்டைப் பிரித்தால் அறையில் யாரும் நிற்க முடியவில்லை. மருந்தின் வேகத்தில் கை கால்களுக்கு ரத்தம் போகாமல் விரல் நுனிகள் கருத்துச் சுருங்கின. விடியற்காலையில் மடியைத் தடவிக் கறந்த விரல்கள். அம்மா அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாக அனுமதி வாங்கின ஒருத்தரைச் சாகாம பாத்துக்கறதுக்கு இவ்வளவு மருந்து" என்றார் டாக்டர் ஜெபா, யாரையும் பார்க்காமல். "பொழைக்க வேண்டியவங்களுக்குக் கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லுவாங்க."

விழா நாள் வந்தது. அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, சந்தனம் வைத்து, மார்பில் 'பயனாளி' என்று அட்டை குத்தி, ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கூடவே அம்மா, நான், மெஷினுக்குப் பதில் கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டு டாக்டர் ஜெபா. மாமா முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார், இடம் பிடிக்க. அம்மாவின் மடியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. காலையில் கறந்த பால். தலைவர் பால் ஊற்றி முடித்த பிறகு அம்மாவும் ஒரு வாய் ஊற்றிக்கொள்ள ஜெகதீஷ் அனுமதித்திருந்தார். நிகழ்ச்சி நிரலில், வாழ்த்துரைகளுக்கும் நன்றியுரைக்கும் நடுவில்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகிற சி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயிலைத் தாண்டாமல் போக முடியாது. இது எங்களுக்குத் தெரியும், ஆம்புலன்சுக்குத் தெரியும், குழுவுக்கு மட்டும் தோன்றவில்லை. கோயிலுக்குத் திரும்புகிற வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கம்போல வண்டி நெரிசலில் நின்றது.

அம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். "தோ… நம்ம ரோடு."

பை மட்டும் உஸ், உஸ் என்றது. ஓட்டிக்கொண்டிருந்த வினோத் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான்.

"யம்மா, ஊடு எங்க கீது?"

"உள்ளாற பூந்து லெப்ட்டு நைனா. மாடு கட்டியிருக்கும்."

வினோத் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஜெபா பையை அமுக்குவதை நிறுத்தாமல் ரோட்டைப் பார்த்தார். முன்னால் லாரி, பின்னால் லாரி.

"டிராபிக்ல மாட்டிக்கிட்டோம்னு எழுதிக்கறேன்" என்றார். "சி.டி.எச். ரோடுன்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். திருப்பு."

கொட்டகையில் கட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அப்பாவை இறக்கிக் கிடத்தினோம். அட்டையை நான் பிய்த்து எறிந்தேன். மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னப் போய்விட்டது. டாக்டர் குழாயை எடுத்தார். அத்தனை நாளும் அமுங்கிக் கிடந்த உதட்டில் குழாயின் தடம் இருந்தது. பிறகு அப்பாவே, யாருடைய தயவும் இல்லாமல், ஒரு மூச்சு இழுத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அம்மா கரண்டியை அவர் உதட்டில் சாய்த்தாள். "நம்ம பாலுதான்யா" என்றாள். "என் கையாலதான்."

நான் ஊற்றினேன். தெருவில் விஷயம் தெரிந்து ஓடி வந்தவர்கள் ஊற்றினார்கள். வினோத் தயங்கித் தயங்கி நின்றவன், "நானும் ஊத்தலாமா யம்மா?" என்று கேட்டு ஊற்றினான். கடைசிச் சொட்டு கடைவாயில் வழிந்தபோது அடுத்த மூச்சு வரவில்லை. எந்தச் சட்டமும் எதனோடும் இடிக்கவில்லை.

அதே நேரத்தில் ஆவடியில் நடந்ததைப் பிறகு குழுவே வெளியிட்ட வீடியோவில் பார்த்தேன். தலைவர் வந்துவிட்டார், பயனாளி வரவில்லை. ஆனால் திரை விலகும்போது மேடை நடுவே ஸ்ட்ரெச்சரில் ஒருவர் படுத்திருக்கிறார். கழுத்துவரை போர்வை. முகத்தில் ஆக்சிஜன் கவசம். கவசத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டைக் காலர்.

லோகநாதன் மாமா.

தலைவர் பேசுகிறார்: "கடந்த காலத்தில் என்ன நடந்தது? மக்கள் கேட்பாரற்றுச் செத்தார்கள். நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் செத்தார்கள். கேட்க நாதியில்லை! இன்று? ஒரு குழு இருக்கிறது. ஒரு செயலர் இருக்கிறார். இனி இந்த மாவட்டத்தில் ஒரு ஏழைகூட எங்களுக்குத் தெரியாமல் சாக முடியாது. பிறப்பைக் கொடுத்தவள் தாய். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆனால் இறப்பைக் கொடுப்பது இந்தக் குழு!"

கைதட்டல். முகப்பதிவுக் கருவியை மாமாவுக்கு நேரே பிடிக்கிறார்கள். மாமா, ஐயோ பாவம், நன்றாகக் கண்ணைச் சிமிட்டுகிறார். கருவி பச்சையாக எரிகிறது. அதற்கும் கைதட்டல். தலைவர் கையுறை போட்டுக்கொண்டு, கேமரா இருக்கும் பக்கமாக நகர்ந்து, கவசத்தை விலக்கி, தரப்படுத்தப்பட்ட பாலை ஊற்றுகிறார். மாமா விழுங்குகிறார். பெரிய மனிதரைப் பார்த்த பழக்கதோஷம், போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிடுகிறார். "நெகிழ்ச்சியில் பயனாளி கரம் கூப்புகிறார்!" என்கிறது ஒலிபெருக்கி.

"நான் இன்னா பண்றது யக்கா?" என்று எழவு வீட்டில் உட்கார்ந்து அழுதார் மாமா. "வண்டிய காணோம்னு அந்த ஜெகதீசு கால்ல உழாத கொறையா கெஞ்சினாரு. அஞ்சு நிமிசம் படு போதும்னாரு. போட்டோல முழு மூஞ்சியும் உழும்னாரு."

முழு முகமும்தான் விழுந்திருந்தது.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நாளில் ஜெகதீஷ் வந்தார். தெருமுனையில் ஒரு ஆம்புலன்சும் நின்றது. அப்பாவின் படத்துக்கு மாலை போட்டார். கண்ணில் ஈரம். அனுமதி இல்லாத இடத்தில் இறந்ததற்கு அம்மாவிடம் விளக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு வரவில்லை.

"ஏகாம்பரம்னு எங்க பதிவுல யாரும் இல்லம்மா" என்றார். "முகப்பதிவு ஆனது லோகநாதன். ஆணை அவர் பேர்லதான் ஏறியிருக்கு. இன்னும் பயன்படுத்திக்கலையேன்னு விசாரிக்க வந்தேன்."

மாமா மெதுவாக எழுந்து கொட்டகைக்குள் போய் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அவர் நல்லா இருக்கார் சார்" என்றேன்.

"அதான்மா பிரச்சனை. திட்டம் பயன்பட்டுச்சுன்னு மேல சான்று அனுப்பணும். முதல் பயனாளியே இப்படி ஒத்துழைக்கலன்னா அடுத்தவங்களுக்கு எப்படி ஒதுக்கீடு வரும்? மாதிரி இல்லம் தயாரா இருக்கு. அவர் எதுவும் பேச வேண்டாம். வந்து பேசாம இருந்தா போதும்."

"ரத்து பண்ணிடுங்க."

"பண்ணலாமே. தலைவர் கையாலதான் பண்ணணும். ஒரு சின்ன விழா…"

அம்மா உள்ளே எழுந்து போனாள். தூக்குச்சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து ஜெகதீஷுக்கு முன்னால் நின்றாள். அதே சட்டி, அதே கரண்டி. ஜெகதீஷ் பதறிப்போனார்.

"அய்யோ, துக்க வீட்டுல எனக்கு எதுக்கும்மா? இப்பதான் டீ குடிச்சேன்."

"குடிக்கறதுக்கு இல்ல நைனா." அம்மா கரண்டி நிறையப் பாலை மொண்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஒனக்கும் ஒங்க ஆபீசுக்கும் சேத்து ஊத்தறேன். அனுமதியெல்லாம் கேக்க மாட்டேன். வாயத் தொற."

ஜெகதீஷ் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.